வெந்நீர்ச் சத்தம்

மாமனாருக்குக் கடைசிக் காலத்தில் கண் போய்விட்டது. காது மட்டும் பாம்புக் காது. கூடத்து நாற்காலியில் இருந்தபடியே, குளியலறையில் வாளி நிறைவதைக் கேட்டே தண்ணீரின் சூட்டை மருமகளிடம் சொல்லிவிடுவார்.

"பச்சத்தண்ணி கலகலன்னு விழும்மா. வெந்நீர் மழுங்கலா விழும்."

கைக்குழந்தைக்குச் சூடு அதிகமென்றால் கைத்தடியால் இரண்டு தட்டு தட்டுவார். அவர் காதை நம்பியே பழகியவளுக்குத் தண்ணீரில் விரலை விட்டுப் பார்க்கும் வழக்கமே இல்லாமல் போயிற்று.

அவர் இறந்த மறுமாதம் குழாய்களை மாற்றினார்கள். குழாய்க்காரர் அவசரத்தில் வெந்நீரையும் பச்சைத்தண்ணீரையும் இடம் மாற்றி இணைத்துவிட்டது யாருக்கும் தெரியாது. மறுநாள் காலை அவள் வழக்கம்போல நீலக் குழாயை முழுதும், சிவப்பைக் கொஞ்சமும் திறந்து வாளியை நிரப்பினாள். குழந்தையைத் தூக்கியபோது கூடத்தில் இரண்டு தட்டு கேட்டது.

"சரிங்க மாமா," என்று பழக்கதோஷத்தில் சொன்ன பிறகுதான் அவர் இல்லையென்பது உறைக்க, விரலை வைத்துப் பார்த்தாள். சுரீரென்று சுட்டது.

குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கூடத்துக்கு ஓடினாள். நாற்காலி காலியாக இருந்தது. தடி மூலையில் சாத்தியபடி இருந்தது.

குழாயைச் சரிசெய்த அன்று கணவன் தடியை எடுத்தான். "இதப் பரண்ல போட்டுடவா?"

"வேணாங்க. புள்ள தானா குளிக்கிற வரைக்கும் மாமாவுக்கு வேணும்."

அதை வாங்கி நாற்காலியை ஒட்டி, உட்கார்ந்தால் கைக்கு எட்டுகிறாற்போலச் சாத்தி வைத்தாள்.