நாலு வயதைக் கழிக்க வந்தவர்

பட்டாளத்தார் சொன்னதைக் கேட்ட குமாஸ்தா, சரியாகக் காதில் விழவில்லை என்று நினைத்து, இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.

பட்டாளத்தார் இன்னொரு தடவை சொன்னார். அவருக்கு ஓய்வூதியம் கூடுதலாக வருகிறது. அதைக் குறைக்க வேண்டும்.

வரிசையில் பின்னால் நின்ற கிழவர்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். அந்த அலுவலகத்தில், குறைகிறது என்று வந்து மேசையைத் தட்டியவர்கள் உண்டு, சாபம் விட்டவர்கள் உண்டு, மயங்கி விழுந்தவர்கள்கூட உண்டு. கூடுகிறது என்று வந்தவர் ஒருவரும் இல்லை.

மருமகள் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகப் பக்கத்தில் நின்றாள். அரை நாள் லீவு போட்டு, ஸ்கூட்டரில் உட்கார வைத்துக் கூட்டி வந்தவள் அவள்தான். ஓய்வூதியத்தில் தப்பு இருக்கிறது என்று மாமனார் சொன்னபோது, குறைத்துத்தான் போட்டிருப்பார்கள் என்று நம்பிக் கிளம்பினாள். பாதி வழியில்தான் விஷயமே தெரிந்தது. அங்கேயே வண்டியைத் திருப்பியிருக்க வேண்டும்.

தப்பு அலுவலகத்துடையது இல்லை, இவருடையது. பட்டாளத்துக்கு ஆள் எடுத்தபோது இவருக்கு வயது போதவில்லை. நாலு வயதைச் சேர்த்துச் சொன்னார். உயரமும் போதவில்லை, குதிகாலைத் தூக்கிக்கொண்டார். அளந்தவருக்கு அன்றைக்கு என்ன அவசரமோ, இரண்டையும் நம்பிவிட்டார்.

குதிகால் அப்போதே இறங்கிவிட்டது. வயது இறங்கவில்லை.

நிஜத்தில் எழுபத்தாறு ஆகும்போதே காகிதத்தில் எண்பது ஆகிவிட்டது. எண்பதைத் தொட்டவர்களுக்குத் தருகிற கூடுதல் தொகை ஆறு மாதமாக வந்துகொண்டிருந்தது.

வந்தால் வந்துவிட்டுப் போகட்டுமே என்பது மருமகளின் கட்சி. அதில்தான் ஸ்கூட்டர் தவணை ஓடுகிறது. ஊர் உலகத்தில் அவனவன் உயிரோடு இருக்கிறேன் என்று நிரூபிக்கவே நாயாக அலைகிறான். இந்த மனுஷர் மீசைக்கு மை போட்டு, சட்டைக்குக் கஞ்சி போட்டு, வருகிற பணத்தை வேண்டாம் என்று சொல்ல வந்திருக்கிறார்.

குமாஸ்தா தன்னால் ஆகாது என்று மேலதிகாரியைக் கூட்டி வந்தார். அந்த அம்மாள், பட்டாளத்தார் நீட்டிய பழைய பள்ளிச் சான்றிதழை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு ஒரு தடிப் புத்தகத்தை எடுத்துவரச் சொல்லி, விரலில் எச்சில் தொட்டுத் தொட்டுப் புரட்டினார்.

பொய் வயது சொல்லிச் சேர்ந்தவர்களுக்கு ஓய்வூதியத்தையே நிறுத்தலாம் என்று அதில் ஒரு விதி இருந்தது. அதைச் சொல்லிவிட்டு, நீங்கள் எதுவும் சொல்லவில்லை, நாங்கள் எதுவும் கேட்கவில்லை, பேசாமல் வீட்டுக்குப் போங்கள் பெரியவரே என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

ஸ்கூட்டர் தவணை கிடக்கட்டும், வீட்டு வாடகையில் பாதி அந்த ஓய்வூதியத்தில்தான் வருகிறது. மருமகள் மாமனாரின் கையைப் பிடித்து இழுத்தாள்.

பட்டாளத்தார் அசையவில்லை. பீரங்கிக்குப் பக்கத்தில் நின்று நின்றே பாதிக் காது போனவர். அவர் பேசினால் கட்டடத்துக்கே கேட்கும்.

"நிறுத்துறதா இருந்தா நிறுத்திக்குங்கம்மா. வயசை மட்டும் சரி பண்ணிக் குடுங்க."

வரிசையில் நின்ற ஒருவர் விறைப்பாக நிமிர்ந்து சல்யூட் அடித்தார். நெகிழ்ந்துபோன குமாஸ்தா டீ குடிக்கப் போகவே மறந்துவிட்டார்.

மேலதிகாரி புத்தகத்தை மூடினார். நிறுத்தலாம் என்றுதான் இருக்கிறது, நிறுத்தியே ஆக வேண்டும் என்று இல்லை என்றார். இதுவரை கூடுதலாகப் போனதை மட்டும் மாதா மாதம் கொஞ்சமாகப் பிடித்துக்கொள்வோம் என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, புது வயதோடு ஓர் அட்டையைக் கையில் கொடுத்தார். இப்படி ஒரு நேர்மையைத் தன் சர்வீஸில் பார்த்ததில்லை என்றும் சொன்னார். பட்டாளத்தார் அட்டையில் இருந்த வயதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தவணையைப் பற்றி நினைத்ததற்கு வெட்கமாக இருந்தது. இப்படிப்பட்ட மனுஷர் வீட்டுக்கு வாழ வந்தோமே என்று பெருமையாகவும் இருந்தது. மாமியார் போய் ஆறு வருஷமாகிறது. இருந்து இதைப் பார்த்திருக்கலாம் என்று நினைத்தாள்.

வெளியே வந்ததும் பட்டாளத்தார் போனை எடுத்தார். காது கேட்காததால் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். அட்டையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, எழுபத்தாறுதான், சீல் குத்தியே கொடுத்துவிட்டார்கள், இப்போதாவது நம்புகிறீர்களா என்று கேட்டார்.

அந்தப் பக்கமிருந்து ஒரு பெண் குரல் தயங்கித் தயங்கி வந்தது.

"எண்பது வயசு ஆளுக்குக் கழுத்தை நீட்ட மாட்டேன்னு நான் சொன்னது வாஸ்தவந்தான். ஆனா இப்ப நீங்க என்னைவிட ஒரு வயசு சின்னவராயிட்டீங்களே."

பட்டாளத்தார் திருதிருவென்று விழித்தார். நடுத்தெருவில் நின்று மருமகளைப் பார்த்தார்.

மருமகளுக்குச் சிரிப்பதா, அவரை அங்கேயே விட்டுவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்புவதா என்று தெரியவில்லை. பணம் போனது போனதுதான். அதற்கு மேல் ஆளும் வராமல் போனால் அநியாயம் என்று தோன்றியது.

எட்டிப் போனை வாங்கினாள்.

"ஒரு வயசை யாரு எண்ணப் போறா அத்தை? வீட்டுக்கு வழி சொல்லுங்க, வர்றோம்."