களவெடுத்த ஓர்க்கிட்

விமலேஸ்வரி அடுத்த வீட்டு ஓர்க்கிட்டைக் களவெடுத்தது பட்டப்பகலில். கிணற்றடியில் ஆளில்லாத நேரம் பார்த்து, வேலிக்கு இந்தப் பக்கம் நீண்டிருந்த ஒரு சின்னத் தண்டை வேரோடு முறித்தாள். சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு வந்துவிட்டாள்.

கேட்டால் கொடுக்காத ஆளிடம் எடுத்திருந்தாலாவது பரவாயில்லை. கமலாசனி கேட்காமலே கொடுக்கிறவள்.

எண்பதாம் ஆண்டு கமலாசனியின் புருஷன் கண்டியிலிருந்து கொண்டுவந்த செடி அது. மண் வேண்டாம், சட்டி வேண்டாம். தேங்காய்ப் பொச்சுமட்டையில் கட்டி மாமரத்தில் தொங்கவிட்டால் போதும், ஊதாப் பூவாகப் பூத்துத் தள்ளும். கிளிநொச்சி வெயிலில் இப்படி ஒன்றா என்று பளையிலிருந்துகூடச் சைக்கிளில் வந்து பார்த்துப் போனார்கள். வந்தவர்களுக்கெல்லாம் கமலாசனி தாராளமாக ஒரு கன்று கொடுத்தாள். வேரை நன்றாகக் கழுவி, வாழையிலையில் சுற்றித்தான் கொடுப்பாள்.

அதிசயம் என்னவென்றால், ஒருவர் வீட்டிலும் அது பிழைக்கவில்லை. தண்ணீர் கூடிவிட்டது என்றார்கள், குறைந்துவிட்டது என்றார்கள். கடைசியில், எல்லாம் கமலாசனியின் கைராசி என்று ஊர் தீர்மானித்துவிட்டது.

மற்றவர்கள் ஒரு கன்றோடு விட்டுவிட்டார்கள். விமலேஸ்வரி விடவில்லை. மூன்றாவது கன்றும் அழுகி விழுந்த அன்று மாமியார் வடிவம்மா சொன்னாள்.

"உன்ர கையில ஒண்டும் தங்காது பிள்ளை. இனி மிளகாய் நாத்துமேடைக்கு நீ விதை போட வேண்டாம்."

தோட்டக்கார வீட்டு மருமகளுக்கு இதைவிட என்ன அவமானம் வேண்டும்? அந்த வருசம் முதல் விதை போடக் கமலாசனியைத்தான் கூப்பிட்டார்கள். அவளும் வந்து போட்டுவிட்டு, கவலைப்படாதை, இன்னொரு கன்று தருகிறேன் என்று விமலேஸ்வரியின் முதுகைத் தடவினாள். விமலேஸ்வரி அன்று முழுக்கக் குசினிக்குள் அடுப்படியில் இருந்து அழுதாள்.

தன் கை உண்மையிலேயே கூடாத கைதானா? அதை அறியாமல் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. வாங்கி வைத்தது செத்தால் ஊருக்கே தெரியும். களவெடுத்தது செத்தால் தனக்கு மட்டும்தான் தெரியும். அதனால்தான் அந்தக் களவு.

விறகுக் கொட்டிலின் பின்புறம், மாமியாரின் முழங்கால் வலி போகவிடாத இடத்தில், கரித்துண்டோடு சேர்த்துக் கட்டித் தொங்கவிட்டாள். தினமும் போய்ப் பார்த்தாள். அது சாகவில்லை. புது வேர் விட்டது. பிறகு மொட்டும் வைத்தது. கழற்றி ஒளித்திருக்கலாம். மொட்டோடு நின்றதில் கை வைக்க மனம் வரவில்லை.

மறுவருசம் விதை போடும் நாள் வந்தது. வடிவம்மா சாம்பல் கலந்த விதைக் கிண்ணத்தை நீட்டினாள். கமலாசனி அதை வாங்கவில்லை. கொட்டில் கூரையின் ஓரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அங்கே ஒரு கொத்து ஊதாப் பூ எட்டிப் பார்த்தது.

விமலேஸ்வரி ஓரடி முன்னால் வந்தாள். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தாள். கமலாசனி முந்திக்கொண்டாள்.

"இது எப்பிடிப் பிழைச்சது? எல்லாத்தின்ர வேரையும் நான் சுடுதண்ணியில முக்கித்தானே குடுக்கிறனான்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. ஒருவரையும் பார்க்காமல் வேலிப் படலைப் பக்கம் நடந்தாள்.

நீட்டிய கிண்ணம் மெல்ல மருமகளின் பக்கம் திரும்பியது. விமலேஸ்வரி அதை வாங்காமல் தலையைக் குனிந்துகொண்டாள்.

"மாமி, இது அக்கா தந்ததில்லை. நான் களவெடுத்தனான்."

"அதாலதான் பிழைச்சிருக்கு," என்றாள் வடிவம்மா. "போய் விதையைப் போடு பிள்ளை."