பூமாலையின் பீரங்கி

ஓய்வு கொடுத்துச் சென்னைத் துறைமுகத்தில் காட்சிக்கு வைத்திருந்த அந்தப் போர்க்கப்பலில் ஏறியதுமே முனியம்மாள் சட்டென்று குனிந்தாள். யாரோ வேர்க்கடலை தின்றுவிட்டுப் போட்ட மல்லாட்டைத் தோல் தளமெல்லாம் கிடந்தது.

திண்டிவனத்திலிருந்து கூட வந்த காந்திமதி அவள் கையைப் பிடித்தாள். "இன்னாக்கா, இங்க வந்தும் பொறுக்கிக்கினு இருக்க? முனிசிபாலிட்டி தொடப்பத்தத்தான் போன வருசமே உட்டுட்டியே. பீரங்கிக்காரனப் பெத்தவ குனியலாமா?"

முனியம்மாள் நிமிர்ந்தாள். மகன் பூமாலை இந்தக் கப்பலில் ஆறு வருடம் இருந்தவன், இப்போது பம்பாயில். 'நான் பீரங்கி சுடுறேன். இனிமே நீ தொடப்பத்தத் தொடக் கூடாது' என்று எழுதியிருந்தான். அவளும் தொடவில்லை.

காந்திமதி கொடியை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தபோது, கப்பலைச் சுற்றிக்காட்டிய மாலுமியிடம் முனியம்மாள் மெதுவாகக் கேட்டாள். "பூமாலைன்னு ஒருத்தரு இருந்தாரே, அவருக்கு எந்த பீரங்கிங்க?"

"பூமாலையா? நல்லாத் தெரியுமே! இந்தக் கப்பலே அவராலதாம்மா பளபளன்னு இருந்துச்சி. இதான் அவரு டூட்டி பாத்த எடம்" என்று ஓர் இரும்புக் கதவைத் திறந்துவிட்டார் மாலுமி.

உள்ளே வரிசையாகக் கக்கூஸ். மூலையில் நீளப் பிடி போட்ட துடைப்பம்.

முனியம்மாள் கதவைச் சாத்தினாள்.

"எந்த பீரங்கியாம்க்கா?" காந்திமதி வந்து நின்றாள்.

"இருக்கறதுலயே பெருசு."

சொல்லிவிட்டுக் குனிந்து, தளத்தில் கிடந்த மல்லாட்டைத் தோலை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மடியில் போட்டுக்கொள்ள ஆரம்பித்தாள். இந்த முறை காந்திமதி கையைப் பிடித்து இழுத்தும் நிமிரவில்லை.