தபால் துளை

பெர்லினின் நொய்கோல்ன் பகுதிக்குக் குடிவந்த மூன்றாம் நாள், குப்பை கொட்ட வெளியே வந்த தேவமலரின் பின்னால் கதவு சாத்திப் பூட்டிக்கொண்டது.

"ஐயோ, பிள்ளை உள்ளுக்கை!"

அலறல் கேட்டு மாடிக் கதவுகளெல்லாம் திறந்தன. போலந்துக்கார மாரெக் பிளாஸ்டிக் அட்டையால் பூட்டை நெம்பினார். உள்ளே தொட்டிலில் குழந்தை வீரிட்டது. துருக்கிக்கார எமினே மண்டியிட்டு, கதவிலிருந்த தபால் துளையில் வாய்வைத்துத் தாலாட்டுப் பாடினாள். அவள் களைத்ததும் சிரியாக்கார யூசுப் தொடங்கினார்.

"உங்க குரலுக்கு இன்னும் அலறுவான், தள்ளுங்க!" என்றாள் எமினே, அரைகுறை ஜெர்மனில்.

ஆனால் அழுகை அடங்கியது. பூட்டுத் திறந்த பிறகும், பாட்டு முடியும்வரை தேவமலர்கூட உள்ளே போகவில்லை.

அன்று மாலை குழந்தை மறுபடி அழுதது. தேவமலர் பாடிப் பார்த்தாள், நிற்கவில்லை. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவருகே போய், தபால் துளையின் மூடியை உள்ளிருந்து மெல்லத் தூக்கிப் பிடித்தாள்.