வால்வு இல்லாத ஹார்ன்

"அல்சர்தான். மாத்திரை சாப்பிட்டாச் சரியாப் போயிரும்."

ராஜபாளையத்தில் பஸ் ஏறியதிலிருந்து மாரிச்சாமி இதையே முணுமுணுத்துக்கொண்டு வந்தார். பக்கத்து சீட்டுக்காரர் பாவப்பட்டு, காரத்தைக் குறைத்து மோர் நிறையக் குடிக்கச் சொன்னார். மாரிச்சாமியின் வயிற்றுக்கு ஒரு கேடும் இல்லை.

கேடு வந்தது அவருடைய கூட்டாளி அசன் முகம்மதுவின் வயிற்றுக்கு. மதுரைக்கு அழைத்துப் போய் ஸ்கேன் எடுத்ததும் மாரிச்சாமிதான். நேற்றுத் தனியாகப் போய் ரிப்போர்ட் வாங்கியதும் அவர்தான். டாக்டர் சொன்னதைக் கேட்டுவிட்டு ஆஸ்பத்திரி வாசலில் நின்றபடியே அசனின் மனைவி ஜெய்னப்புக்குப் போன் போட்டார். அந்தம்மா அழுது முடித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"அடுத்த மாசம் எங்க மக சனா கல்யாணம் முடியட்டும்ணே. அதுவரைக்கும் அவியளுக்குத் தெரிய வேண்டாம். தெரிஞ்சா அன்னைக்கே படுத்துருவாவ."

மாரிச்சாமி ஒப்புக்கொண்டுவிட்டார். ஆனால் பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷன். ராத்திரியெல்லாம் புரண்டு படுத்தவர், இந்த வயதில் அதையும் மனப்பாடம் செய்ய வேண்டியதாகிவிட்டதே என்று அலுத்துப்போய் ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கினார்.

அசன் வீட்டுத் தெருவுக்குள் நுழையும்போதே ஹார்ன் சத்தம் கேட்டது. லாரி ஹார்ன் இல்லை. பித்தளைக் குழலைச் சுருட்டி வளைத்து, மடியில் வைத்து ஊதுவார்களே, அந்த மேல்நாட்டு வாத்தியம். இருவரும் ராஜபாளையத்து மில் ஒன்றில் ஃபிட்டராக இருந்த காலத்தில், மெஷின் மாட்ட வந்த ஜெர்மன்காரர் ஒரு கேசட்டை விட்டுவிட்டு ஊர் போய்ச் சேர்ந்தார். அதில் பிடித்த பித்து இன்றுவரை தெளியவில்லை.

பித்தைவிடச் சண்டை பெரிது. பெரிய வாத்தியக் கூட்டத்துக்கு நடுவே ஹார்ன்காரர் ஒருவரே முன்னால் நின்று வாசிக்கும் கான்செர்ட்டோ. அதே உருப்படிக்கு இரண்டு ரெக்கார்டிங். ஒன்றில் வாசிப்பவர் அந்தக் காலத்து வால்வு இல்லாத ஹார்னின் வாய்க்குள் கையை விட்டு, அடைத்தும் திறந்தும் ஸ்வரம் பிடிப்பார். அது அசன் கட்சி. இன்னொருவர் வால்வு வைத்த புது ஹார்னில் பிசிறில்லாமல் வாசிப்பார். அது மாரிச்சாமி கட்சி.

இதில் ஒருவருக்கொருவர் இம்மியும் விட்டுக்கொடுத்ததில்லை. மாரிச்சாமியின் மனைவி இறந்து, துக்கம் கேட்க வந்த இடத்தில்கூட அசன், வால்வு ஹார்னை நாலு வார்த்தை திட்டிவிட்டுத்தான் எழுந்தார். அந்த வாரம் முழுக்க மாரிச்சாமி வாய் திறந்து பேசியதே அதற்குப் பதில் சொல்லத்தான்.

உட்கார்ந்ததும் முதல் வேலையாகப் பொய்யைச் சொல்லி முடித்தார். நாக்கு குழறவில்லை. அசன் தலையை ஆட்டிக்கொண்டு, அல்சருக்குப் போய் மதுரை வரைக்கும் இழுத்தடித்தாயே என்று குறைபட்டுக்கொண்டார். டீ கொண்டுவந்த ஜெய்னப், மாரிச்சாமியின் முகத்தைப் பார்க்காமலே டம்ளரை வைத்துவிட்டு அடுப்படிக்குள் போனார். கண்டம் தாண்டியாயிற்று என்று மாரிச்சாமி மூச்சு விட்டார்.

பிறகு வழக்கம்போல் கச்சேரி ஆரம்பமானது. சனா முதல் சம்பளத்தில் வாங்கித் தந்த ஸ்பீக்கரில் முதலில் மாரிச்சாமியின் ஆள் வாசித்தார். ஊதுவது மனுஷனா மெஷினா என்றே தெரியவில்லை என்று அசன் மூக்கைச் சுளித்தார். அடுத்தது அசனுடையது.

சவுக்கமாக, மெல்ல நகர்ந்து போகும் நடுப்பகுதி வந்தது. ஹார்ன்காரர் கையால் அடைத்து, ஒரு ஸ்வரத்தைத் தொண்டைக்குள் அழுகிற மாதிரி இழுத்தார். அசன் கண்ணை மூடி, அவரும் கையைக் குவித்து, அந்தரத்தில் இல்லாத ஹார்னின் வாயை அடைத்தார். அவர் கட்டியிருந்த வாட்ச் மணிக்கட்டில் நிற்காமல் முழங்கைப் பக்கம் வழுக்கிக்கொண்டு போனது.

மாரிச்சாமி அந்த வாட்சையே பார்த்தார். இந்த உடம்போடு இருக்கிறவனிடம் இன்னும் என்னத்துக்கு மல்லுக்கட்டுவது, இந்தச் சந்தோஷத்தையாவது கொடுத்துத் தொலைப்போம் என்று தோன்றிவிட்டது.

"உன்னோடதுதாம்லே நல்லாருக்கு," என்றார்.

அசன் கண்ணைத் திறந்தார். "என்ன சொன்ன?"

"வால்வு இல்லாததுதான் ஒசத்தி. நான்தான் இம்புட்டு நாளா வீம்புக்குப் பேசிட்டுத் திரிஞ்சேன்."

அசன் முழங்கைக்குப் போன வாட்சை மணிக்கட்டுக்கு இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு முகமெல்லாம் சிரிப்பாக அடுப்படிப் பக்கம் திரும்பி, "ஏட்டி ஜெய்னப், மாரி தோத்துட்டான்," என்று குரல் கொடுத்தார். கையை நீட்டி ஸ்பீக்கரின் சத்தத்தைக் கூட்டினார். சன்னல் கண்ணாடி அதிர்கிற அளவுக்குக் கூட்டினார்.

ஜெயித்தவன் கொண்டாடட்டும் என்று மாரிச்சாமியும் சிரித்துவைத்தார். அசன் நாற்காலியை இழுத்து ஒட்டிப் போட்டுக்கொண்டு, அவர் காதுப் பக்கம் குனிந்தார்.

"எம்புட்டு நாள்னு சொன்னாவ? மெதுவாச் சொல்லு, அவ காதுல விழுந்துறக் கூடாது."