ஐந்தாவது ஃபவுல்

நான்காவது ஃபவுல்.

நிவேதிகா கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள்.

அவளுடைய கோச்சான அவன் பெஞ்சிலிருந்து எழுந்தான். கூடைப்பந்தில் நான்கு ஆனவளை எந்தக் கோச்சும் உடனே உட்கார வைப்பார். ஐந்தானால் ஆட்டத்தை விட்டே வெளியே. பக்கத்தில் சுகிர்தா அதற்குள் ஷூ லேஸை இறுக்கத் தொடங்கியிருந்தாள்.

முதல் வரிசையில் நிவேதிகாவின் அப்பா உள்ளங்கையைக் கவிழ்த்துக் காட்டினார். உட்காருங்க சார், அவ ஆடட்டும் என்று அர்த்தம்.

அவன் உட்கார்ந்தான்.

பிரின்சிபால் காலையிலேயே சொல்லிவிட்டார். நாற்பது நிமிடமும் நிவேதிகா களத்தில் இருக்க வேண்டும். காரணம் கேட்க வேண்டியதில்லை. காரணத்தின் மேல்தான் பத்துப் பெண்களும் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

அந்த மரத்தளம் நிவேதிகாவின் அப்பா போட்டுக் கொடுத்தது. அதற்கு முன்பு சிமெண்ட் தரை. ஒரு பெண்ணுக்கும் முழங்காலில் முழுசாகத் தோல் இருந்ததில்லை. பன்னிரண்டு பேருக்கும் அளவு கேட்டு ஷூ வாங்கித் தந்தவரும் அவர்தான். சுகிர்தாவுக்கும் சேர்த்து. நன்றி சொல்லப் போனால், "அட, விடுங்க சார்" என்று கையை உதறுவார். நல்ல மனிதர். சங்கடமே அதுதான்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். நினைத்துக்கொண்டேதான் உட்கார்ந்திருந்தான்.

சுகிர்தா பள்ளி விடுதியில் இலவசமாகத் தங்கிப் படிப்பவள். இருவருக்கும் ஆட்டத்தில் ஒரே இடம், பந்தை நடத்திச் செல்வது. அதில் சுகிர்தா கெட்டிக்காரி. நிவேதிகாவுக்கு இது எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். தினமும் பயிற்சியில் அவளிடம் தோற்பவள் இவள்தானே.

மூன்றாவது வரிசையில் சென்னைக் கல்லூரி ஒன்றிலிருந்து வந்த இரண்டு பெண்மணிகள். ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்கு ஆள் பார்க்கிறார்கள். இடம் கிடைத்தால் படிப்பும் சாப்பாடும் அவர்கள் பொறுப்பு. கிடைக்காவிட்டால் சுகிர்தாவுக்கு பிளஸ் டூவோடு சரி.

பெஞ்சில் இருப்பவளை யார் பார்ப்பார்கள்?

இன்னும் ஒன்பது நிமிடம்.

இந்த வருடம் முழுவதும் நிவேதிகா ஓர் ஆட்டத்தில் இரண்டு ஃபவுலைத் தாண்டியதில்லை. இன்றைக்கு என்ன வந்தது இவளுக்கு என்று மனதுக்குள் திட்டினான்.

எதிரணிப் பெண் பந்தோடு பாய்ந்து வந்தாள். நிவேதிகா குறுக்கே போனாள்.

தொடவில்லை. நடுவில் ஒரு சாண் இடைவெளி. அவனுக்கு நன்றாகத் தெரிந்தது.

ஆனால் அவள் கை உயர்ந்தது.

தப்பு செய்தால் நடுவர் சொல்லுமுன் நீயே கையைத் தூக்கு. முதல் நாளே அவன் சொல்லிக் கொடுப்பது அது. இந்தப் பள்ளிப் பெண்கள் கை தூக்கினால் மாவட்டத்தில் எந்த நடுவரும் யோசிப்பதில்லை.

விசில்.

ஐந்து.

சுகிர்தா உள்ளே ஓடினாள்.

நிவேதிகா வந்து உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்துக் குனிந்து பார்த்தான். துண்டின் ஓரம் வழியாக அவள் மூன்றாவது வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் அப்பா விடுவிடுவென்று எழுந்து வந்தார்.

"எம்பொண்ணு தொடவே இல்லீங்க சார். நீங்க பாத்தீங்கல்ல?"

"பாத்தேனுங்க சார்."

களத்தில் சுகிர்தா இரண்டு பேரைத் தாண்டிப் பந்தைக் கூடையில் போட்டாள். மூன்றாவது வரிசையில் ஒரு பெண்மணி நோட்டைத் திறந்தார்.

"சுகீ!" நிவேதிகா துண்டை வீசிவிட்டுக் கத்தினாள்.

 அவன் அவள் அப்பாவின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டான்.

"ரொம்ப நன்றிங்க சார்."

அவர் ஒரு கணம் விழித்தார். பிறகு குனிந்து, பளபளக்கும் தளத்தைப் பார்த்தார். வழக்கம்போல் கையை உதறினார்.

"அட, விடுங்க சார்."