ஆர்வின் புகழ்ந்த பீர்

வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறவர்களுக்கு மால்ட்டும் ஈஸ்ட்டும் விற்றுவந்த ஆர்வினின் கடை அன்றோடு மூடப்படுகிறது. வாடிக்கையாளர்கள் தாங்கள் காய்ச்சிய பீரில் ஆளுக்கொரு பாட்டிலுடன் வந்திருந்தார்கள்.

அவர்களில் டெல்மருக்குக் கோபம் அடங்கவில்லை. "ஆன்லைன்காரனுக்குப் பயந்து ஓடுறியா? இனிமே என் பீருல குத்தம் சொல்ல யாருடா இருக்கா?"

"உன் பொண்டாட்டி இருக்காளே!" ஆர்வின் சிரித்தபடி டெல்மரின் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்தான். "பிரமாதம்டா. நீ காய்ச்சுனதுலயே இதுதான் உச்சம்."

இத்தனை வருடத்தில் குறை தவிர வேறெதுவும் சொல்லாத வாய் அது. டெல்மர் பூரித்துப்போய்த் தானும் ஒரு வாய் குடித்தான்.

பீர் கெட்டு வினிகராகியிருந்தது.

அவன் நிமிர்ந்து பார்த்தான். அந்த முகத்தைப் பார்த்ததும் ஆர்வினின் சிரிப்பு மறைந்தது.

"காய்ச்சல் வந்ததுலேர்ந்து மூக்கும் நாக்கும் செத்துப்போச்சுடா," என்றான் மெதுவாக. "யார்கிட்டயும் சொல்லாத."

"அவ்வளவு நல்லாருக்கா? எங்களுக்கும் ஊத்துடா!" என்று பின்னாலிருந்து கோப்பைகள் நீண்டன.

"ஒரு சொட்டுகூடத் தரமாட்டேன்," என்ற டெல்மர், நின்ற இடத்திலேயே பாட்டிலைக் காலி செய்தான்.